பறந்து போன பாகம்: தேடுவது எப்படி, பறக்காமல் பிடிப்பது எப்படி?

#1 சிறகுநுனி

நேற்று இரவு பத்தரை மணி. நான் செய்துகொண்டிருந்த 1/72 அளவு ஸ்பிட்ஃபயர் பிளாஸ்டிக் மாடல் விமானம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இடது இறக்கையின் அடியில் வரும், காற்றுவேகம் அளக்கும் பிட்டோ குழாய் ஒன்றுதான் பாக்கி. ‘ட’ எழுத்தைப் போல வளைந்த சாம்பல் நிறப் பிளாஸ்டிக், நான்கைந்து மில்லிமீட்டர் நீளம், தையல் ஊசியைவிட மெல்லியது. பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவில் இரண்டு காம்புகள் அதைப் பிடித்திருந்தன. முதல் காம்பை நிப்பரால், அதாவது சிறு வெட்டுக் குறட்டால், வெட்டினேன். இரண்டாவதை வெட்டியபோது ‘டிக்’ என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் ஸ்ப்ரூ மட்டும் கையில் இருக்கிறது.

நள்ளிரவு தாண்டும்வரை மண்டியிட்டுத் தேடினேன். எதிர்ச்சுவர் ஓரம், மேசைக் கால்கள், அலமாரிக்கு அடியில், எங்கும் இல்லை. தூங்கப் போனபிறகும் மனம் அந்தத் தரையிலேயே கிடந்தது.

இரண்டு கேள்விகள். இதை இனி எப்படித் தேடுவது? அடுத்ததாக முன்கண்ணாடிக்கு மேலே வரும் பின்பார்வைக் கண்ணாடியை வெட்ட வேண்டும். அது இதைவிடச் சிறியது. அதையும் பறக்கவிட எனக்கு மனமில்லை. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று விரிவாகச் சொல்லுங்கள்.

#2 நங்கூரம்

பாகம் பறந்ததும் நீங்கள் செய்த முதல் காரியம் என்ன? நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தீர்கள் என்றால் தேடல் அங்கேயே பாதி கெட்டுவிட்டது. நாற்காலியின் சக்கரம் அதன் மேல் ஏறியிருக்கலாம், மடியில் கிடந்தது தரைக்குப் போயிருக்கலாம், அதைச் செருப்பில் ஒட்டிக்கொண்டு நீங்களே அடுத்த அறைக்குக் கொண்டுபோயிருக்கலாம்.

நான் 1/700 கப்பல்கள் செய்கிறேன். அந்த அளவில் ஒரு மீட்டர் உயரமுள்ள கைப்பிடிக் கம்பி 1.4 மில்லிமீட்டர்தான், மாலுமி ஒருவர் இரண்டரை மில்லிமீட்டர். பறப்பது எனக்குப் பழகிய விஷயம். ‘டிக்’ என்றதும் கை, கால், நாற்காலி எல்லாவற்றையும் இருந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். மூச்சுகூட மெதுவாகத்தான். பிறகு உடலுக்கு மிக அருகிலிருந்து தொடங்கி வெளியே போவேன். நிப்பரின் வாய்க்குள் பார்ப்பேன். விரல்களின் அடிப்பக்கம், உள்ளங்கை ஓரம், முழங்கை வரை உள்ள தோல். சட்டைக் கை மடிப்பு, பை, மடி. அதன்பிறகு மேசை. தரை கடைசியில்தான். தொலைந்துவிட்டது என்று நான் எண்ணிய பாகங்களில் பெரும்பாலானவை என் மீதே இருந்தன. வியர்த்த முன்கையில் ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டால் அது தோலில் படுவதே தெரியாது.

இன்னொரு கேள்வி, இதுதான் முக்கியம்: எத்தனை முறை சத்தம் கேட்டது?

#3 சிறகுநுனி

நாற்காலியைத் தள்ளி எழுந்ததுதான் நான் செய்த முதல் காரியம். இப்போது படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

சத்தம் ஒரே ஒரு முறைதான். காம்பு வெட்டுப்பட்ட சத்தம். அதன்பிறகு எதுவும் கேட்கவில்லை. இரவு நேரம், மின்விசிறிகூட ஓடவில்லை. தரை டைல்ஸ்.

#4 நங்கூரம்

அப்படியென்றால் அது டைல்ஸ் தரையில் விழவில்லை என்றே நான் நினைக்கிறேன். அந்த அளவுள்ள பிளாஸ்டிக் டைல்ஸில் விழுந்தால் மெல்லிய சத்தம் வரும், துள்ளி இரண்டாவது சத்தமும் வரும். அமைதியான அறையில் அது காதில் விழாமல் போகாது. மேசையிலிருந்து தரை 75 சென்டிமீட்டர் என்றால் விழ 0.4 விநாடிதான் ஆகும், ஆகவே வெட்டிய சத்தத்தோடு ஒட்டியே அடுத்ததும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் மென்மையான ஏதோ ஒன்றின் மேல் போய் இறங்கியிருக்கிறது. உங்கள் மேசையைச் சுற்றித் துணி, பஞ்சு, காகிதம் என்று என்னென்ன இருக்கின்றன என்று ஒரு பட்டியல் போடுங்கள். அணிந்திருந்த சட்டையைத் துவைக்கப் போட்டுவிடாதீர்கள்.

#5 வெள்ளிமுலாம்

நங்கூரம் சொன்னது சரி, ஆனாலும் தரையை விட்டுவிட வேண்டாம். நேற்று நீங்கள் தேடியது அறையின் கூரை விளக்கில்தானே? மேலிருந்து விழும் வெளிச்சத்தில் எந்தப் பொருளின் நிழலும் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். சாம்பல் தரையில் சாம்பல் பாகம் எப்படித் தெரியும்?

அறை விளக்கை அணைத்துவிடுங்கள். டார்ச்சைத் தரையிலேயே படுக்க வைத்து, வெளிச்சம் தரையைத் தடவிக்கொண்டு போகும்படி உருட்டுங்கள். வெளிச்சம் தரையோடு ஐந்து பாகைக் கோணத்தில் படும்போது, ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள பாகத்தின் நிழல் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டி நீளும். தேட வேண்டியது பாகத்தை அல்ல, அந்த நிழலை. உங்கள் கண்ணும் டார்ச்சின் உயரத்துக்கு இறங்க வேண்டும், கன்னம் தரையில் படும் அளவுக்கு. ஒரு பக்கம் முடிந்ததும் டார்ச்சை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் மறுபடியும் பாருங்கள். டைல்ஸ் இணைப்புப் பள்ளத்துக்குள் விழுந்தது ஒரு திசையில் தெரியாது, மறு திசையில் தெரியும்.

நான் 1/24 கார்கள் செய்கிறேன். வெள்ளி முலாம் பூசிய பாகங்களும் கண்ணாடி போன்ற முகப்பு விளக்குகளும் இந்த முறையில் தொலைவிலிருந்தே மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். சாம்பல் பிளாஸ்டிக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, நிழல் மட்டும்தான் துணை.

#6 புதுப்பசை

நான் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன், இரண்டாவது கிட். எனக்கு வெட்டும்போது பறப்பதில்லை. ட்வீசரில் பிடித்து ஒட்டப் போகும்போதுதான் பறக்கிறது. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க இன்னும் அதிகமாகப் பறக்கிறது. என் கையில் நடுக்கம் இருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. காந்தம் வைத்துத் தேடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார், அதுவும் பலிக்கவில்லை.

#7 சங்கிலித்தடம்

தம்பி, உங்கள் கையில் எந்தக் குறையும் இல்லை. இறுக்கிப் பிடிப்பதால்தான் பறக்கிறது. ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள், அதே கதைதான். ட்வீசரின் இரண்டு நுனிகளும் இணையாகச் சந்திக்கும்வரை பிடி நிற்கும். மேலும் அழுத்தினால் கால்கள் நடுவில் உள்ளே வளைந்து, நுனிகள் லேசாக வெளிப்பக்கம் விரியும். அந்தக் கணத்தில் பாகம் ஒரு சரிவான ஆப்புக்குள் சிக்கியது போல ஆகி முன்னால் வழுக்கும். நீங்கள் கொடுத்த அழுத்தம் முழுவதும் வேகமாக மாறிவிடும்.

நான் டாங்கிகள் செய்கிறேன், 1/35 அளவில். கொக்கி, பூட்டு, கைப்பிடி என்று எட்ச் பித்தளைப் பாகங்கள் (மெல்லிய தகட்டை ரசாயனத்தால் அரித்து வடித்தவை) ஒரு வண்டிக்கு நூற்றுக்கணக்கில் வரும். என் அனுபவத்தில் மூன்று விஷயங்கள் உதவின.

நுனிகளைச் சோதியுங்கள். ட்வீசரை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து மெதுவாக மூடுங்கள். நுனிதான் முதலில் தொட வேண்டும், நுனியும் நுனியும் நேராகச் சந்திக்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு முடியளவு விலகியிருந்தாலும் அது பாகத்தைச் சுழற்றிவிடும். ஒரு முறை கீழே விழுந்த ட்வீசரை நான் சிறு பாகங்களுக்குப் பயன்படுத்துவதே இல்லை, தகடு பிடிக்க ஒதுக்கிவிடுவேன்.

அழுத்தினால் திறந்து, விட்டால் மூடிக்கொள்ளும் தலைகீழ் ட்வீசர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பிடிப்பது எஃகின் விறைப்பு, உங்கள் விரல் அல்ல. ஆகவே அழுத்தம் ஒரே அளவில் நிற்கும்.

ஆனால் நான் மனதார வலியுறுத்துவது மூன்றாவதை: மிகச் சிறிய பாகங்களை ட்வீசரால் பிடிக்கவே பிடிக்காதீர்கள். தொட்டு எடுங்கள். பல்குச்சி நுனியில் மிளகளவு புளூ டாக்கை (சுவரில் படம் ஒட்டும் களிமண் போன்ற பசை) உருட்டி ஒட்டி, அதைக் கூராக நீவிவிட்டு, பாகத்தின் மேல் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். ஒட்ட வேண்டிய இடத்தில் வைத்ததும் குச்சியைச் சற்றே சாய்த்து உருட்டினால் விட்டுவிடும். தேன்மெழுகு தடவிய குச்சியும் இதே வேலையைச் செய்யும். தட்டையான பித்தளைத் துண்டுக்கு ஈரத் தூரிகையே போதும். அழுத்தம் இல்லாத இடத்தில் பறப்பதற்கு ஒன்றும் இல்லை.

காந்தம் பற்றி: பிளாஸ்டிக், ரெசின், பித்தளை, அலுமினியம் எதையும் காந்தம் இழுக்காது. சில எட்ச் தகடுகள் வெள்ளி நிறத்தில் வரும், நிக்கல் சில்வர் என்பார்கள். அதில் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். அதுவும் காந்தத்துக்கு வராது. எஃகு ஊசி, எஃகு அச்சு போன்றவற்றுக்கு மட்டும் காந்தம் கைகொடுக்கும்.

#8 புதுப்பசை

மிக்க நன்றி அண்ணா. எட்ச் பித்தளை இன்னும் வாங்கவில்லை, வாங்கும் ஆசை இருக்கிறது. அதை வெட்டும்போதும் பறக்குமா?

#9 சங்கிலித்தடம்

பறக்கும், பிளாஸ்டிக்கைவிட மோசமாக. தகட்டின் தடிமன் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான் இருக்கும். எல்லோரும் முதலில் செய்யும் தவறு, பச்சை நிறக் கட்டிங் மேட்டின் மேல் வைத்து வெட்டுவது. மேட் மென்மையானது. கத்தி அழுத்தும்போது பித்தளை மேட்டுக்குள் அமுங்கி வளைகிறது, காம்பு அறுந்ததும் வில் போல நிமிர்ந்து எகிறுகிறது. கண்ணாடித் தகடு அல்லது பீங்கான் ஓடு ஒன்றின் மேல் வைத்து வெட்டுங்கள். அங்கே அமுங்க இடமில்லை, ஆகவே எகிறவும் வேகமில்லை. வெட்டுவதற்கு முன் தகட்டின் அடியில் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டால் அறுந்த பாகம் டேப்பிலேயே உட்கார்ந்திருக்கும். டேப்பின் பசையை முன்கூட்டியே துணியில் இரண்டு முறை ஒட்டி எடுத்துக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிரித்தெடுக்கும்போது மெல்லிய பித்தளை வளைந்துவிடும்.

தேவைப்படும் நிமிடம் வரை எதையும் தகட்டிலிருந்து பிரிக்காதீர்கள். பத்துக் கொக்கிகளை ஒரே மூச்சில் வெட்டிக் குவித்து வைத்தால், ஒட்டும்போது எட்டுதான் இருக்கும்.

#10 நுண்வில்லை

நான் சில ஆண்டுகள் கைக்கடிகாரம் பழுதுபார்த்தவள். மாடல் செய்ய வந்தது அதற்குப் பிறகு. அந்த மேசையில் கற்ற இரண்டை இங்கே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இழையில் எல்லோரும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள், உட்காரும் முறையைப் பற்றி யாரும் பேசவில்லை.

கடிகாரக்காரரின் மேசை உயரமாக இருக்கும். வேலை ஏறக்குறைய நெஞ்சுக்கு நேராக நடக்கும், முன்கைகள் இரண்டும் மேசையில் படிந்திருக்கும். கை அந்தரத்தில் இருந்தால்தான் நடுக்கம் தெரியும். சாப்பாட்டு மேசையில் குனிந்து வேலை செய்யும்போது பாகம் கைக்கும் மடிக்கும் நடுவில் நழுவிப் போய்விடுகிறது. மேசையை உயர்த்த முடியாவிட்டால் நாற்காலியைத் தாழ்த்துங்கள்.

இரண்டாவது, நகை செய்பவர்களின் மேசையைக் கவனித்திருக்கிறீர்களா? முன்பக்கம் அரைவட்டமாக வெட்டியிருப்பார்கள். அதன் அடியில் தோல் ஒன்றைத் தொட்டில் போலக் கட்டியிருப்பார்கள். தங்கத் தூள்கூடத் தரைக்குப் போகாது. நான் அதையே வெள்ளைத் துணியில் செய்துகொண்டேன். ஏப்ரனின் கீழ் ஓரத்தை மேசை விளிம்பின் அடியில் இரண்டு கிளிப்பால் மாட்டிவிடுவேன். மேசைக்கும் எனக்கும் நடுவே இடைவெளியே இல்லை. எழுந்திருக்கும் முன் கிளிப்பைக் கழற்றியே ஆக வேண்டும் என்பதால், பதறி எழும் பழக்கமும் தானாக நின்றுவிட்டது.

தலையில் மாட்டும் உருப்பெருக்கி பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2.5 மடங்கு வில்லையில் பொருள் தெளிவாகத் தெரியும் தூரம் சுமார் 20 சென்டிமீட்டர். அந்த எல்லைக்கு வெளியே எல்லாம் மங்கல். பாகம் நழுவும்போது கண் அதைத் தொடர முடியாது. அது இருக்கும் தட்டைக் கையால் தடவித் தேடாமல், வில்லையை மேலே தூக்கிவிட்டு வெறுங்கண்ணால் பாருங்கள்.

சிறகுநுனி, உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். எங்கள் கடையில் திருகாணி தொலைந்தால் இதைத்தான் செய்வோம். அதே ஸ்ப்ரூவில் அதே தடிமன் உள்ள ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பளிச்சென்று மஞ்சளோ சிவப்போ பூசுங்கள். அதே நாற்காலியில், அதே உயரத்தில், நிப்பரை அதே கோணத்தில் பிடித்து வெட்டுங்கள். எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு முறை போதாது, நான்கைந்து முறை. நீங்கள் தேடிய இடம் சரிதானா என்று தெரிந்துவிடும்.

#11 நங்கூரம்

இந்த யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. நானும் இனிமேல் செய்யப் போகிறேன்.

தரையில்தான் இருக்கிறது என்று ஒருவேளை தெரிய வந்தால், வாக்குவம் கிளீனர் பற்றிச் சொல்ல வேண்டும். குழாயின் வாயில் நைலான் காலுறையை இழுத்துக் கட்டிவிட்டு உறிஞ்சினால் பாகம் துணியிலேயே நிற்கும் என்பது பலருக்கும் தெரியும். அது நல்ல முறைதான். ஆனால் நான்கு சாண் தூரம் உறிஞ்சியதுமே காலுறையில் முடியும் நூலும் தூசியும் ஒரு திரி போலச் சேர்ந்துவிடும். அந்தத் திரிக்குள் ஒரு மில்லிமீட்டர் பாகத்தைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதுதான். கண் சோர்ந்துபோய்ப் பலர் அதை அப்படியே குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில் விட்டுவிடாதீர்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் சாதாரண உப்பைக் கரையுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விடுங்கள். சேர்ந்த தூசியை அதில் போட்டுக் கரண்டியால் நன்றாகக் கலக்கி, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். கிட் தயாரிக்கும் பாலிஸ்டைரீனின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.05 கிராம். இந்த உப்புநீரின் அடர்த்தி அதைவிட அதிகம், சுமார் 1.1. ஆகவே பிளாஸ்டிக் மேலே வந்து மிதக்கும். மணல், தலைமுடி, பருத்தி நூல் எல்லாம் அதைவிடக் கனம், நன்றாக நனைந்ததும் அடிக்குப் போய்விடும். சோப்புத் திரவம் எதற்கென்றால், அது இல்லாமல் தூசி காற்றைப் பிடித்துக்கொண்டு மிதந்து குழப்பிவிடும். மேலே வந்ததை டீ வடிகட்டியால் அள்ளி நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

முதன்முறை நான் இதைச் செய்தபோது 1/700 கப்பல் ஒன்றின் தேடுவிளக்கு மேலே வந்தது. பாத்திரத்தின் விளிம்போரம், வெந்நீரில் மிதக்கும் சீரகம் போல, தனியாக நின்றது. அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

பித்தளைக்கு இது ஆகாது, அது போட்டவுடன் மூழ்கிவிடும். பித்தளை என்றால் அடியில் தங்கியதை வெள்ளைத் தட்டில் கொட்டி அலசிப் பார்க்க வேண்டும்.

#12 வெள்ளிமுலாம்

உப்புநீர் அருமை. ஆனால் ஒன்றில் நான் உங்களோடு மாறுபடுகிறேன் நங்கூரம். ஒரு பிட்டோ குழாய்க்காக ஒருவர் நள்ளிரவு வரை மண்டியிடுவதும், மறுநாள் உப்புக் கரைப்பதும் தேவையா? நான் இருபது நிமிடம் வைத்துக்கொள்வேன். அதற்குள் கிடைக்காவிட்டால் நானே செய்துவிடுவேன்.

பிட்டோ குழாய் செய்வதற்கு மிக எளிது. மின்சார வயரை உரித்தால் உள்ளே மெல்லிய செம்புக் கம்பிகள் இருக்கும். ஒன்றை எடுத்து, இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வைத்து உருட்டினால் நேராகிவிடும். தட்டைமூக்குக் குறட்டால் ‘ட’ போல மடியுங்கள். முன்பகுதி தடித்திருக்க வேண்டும் என்றால் அங்கே மட்டும் இரண்டு பூச்சுப் பெயின்ட் கூடுதலாகக் கொடுங்கள். இறக்கையில் ஊசித் துரப்பணத்தால் துளை போட்டுச் செருகி ஒட்டினால், பிளாஸ்டிக்கைப் போலக் கை பட்டதும் ஒடியாது. கம்பி கிடைக்காவிட்டால் ஸ்ப்ரூவை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே சுழற்றி, பளபளப்பு வந்ததும் சுடரை விட்டு விலக்கி இழுங்கள். மெதுவாக இழுத்தால் தடிமனாகவும் வேகமாக இழுத்தால் மெல்லியதாகவும் வரும்.

அதற்கும் முன்னால் கிட்டின் மற்ற ஸ்ப்ரூக்களைப் பாருங்கள். ஒரே அச்சில் பல வகை விமானங்களுக்கு வார்ப்பதால், உங்கள் வகைக்குத் தேவைப்படாத பாகங்கள் குறிப்புத்தாளில் சாயமடித்துக் காட்டப்பட்டிருக்கும். சில வேளை இன்னொரு பிட்டோ குழாயே அங்கே இருக்கும்.

#13 நங்கூரம்

> நான் இருபது நிமிடம் வைத்துக்கொள்வேன்.

கம்பியால் செய்யக்கூடியதற்கு உங்கள் கணக்கு பொருந்தும். விமானியின் இருக்கைக்கு முன் வரும் குறிபார்ப்பான், காரின் சின்னம், கப்பலின் நான்கு இரட்டைப் பீரங்கிகளில் ஒன்று தொலைந்தால் என்ன செய்வீர்கள்? மற்ற மூன்றோடு அது ஒத்திருக்க வேண்டுமே. அந்த வார்ப்பை நம் கையால் கொண்டுவர முடியாது. அப்படிப்பட்ட பாகத்துக்கு நான் ஒரு வாரம்கூடத் தேடியிருக்கிறேன், அதற்காக வருந்தவில்லை.

#14 வெள்ளிமுலாம்

ஜோடியில் ஒன்று மிஞ்சியிருந்தால் அதை வைத்து அச்செடுக்கலாம். வெந்நீரில் இளகி, ஆறியதும் இறுகும் அச்சுப் பிளாஸ்டிக் கிடைக்கிறது. மிஞ்சியதை அதில் பதித்து, குழியில் இரண்டு கலவை எப்பாக்சி மாவை அழுத்தி நிரப்பினால் பின்பக்கம் தட்டையான பாகங்கள் நன்றாகவே வரும். பீரங்கி போல எல்லாப் பக்கமும் உருவம் உள்ளதற்கு இது போதாது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

#15 நுண்வில்லை

ஒன்றைச் சொல்ல மறந்தேன். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் ‘இருபது நிமிடம்’ கணக்கு வேண்டாம். நம் கண்ணுக்குப் படாதது குழந்தையின் கண்ணுக்குப் படும், கையில் எடுத்தால் வாய்க்குத்தான் போகும். எட்ச் பித்தளையின் ஓரம் கத்தி போன்றது. என் மகன் சிறியவனாக இருந்தபோது, பாகம் கிடைக்காத நாளில் தரையை முழுவதும் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை வெளியே போட்டபிறகுதான் அவனை அறைக்குள் விடுவேன். பாகம் போனால் போகட்டும்.

#16 சிறகுநுனி

கிடைத்துவிட்டது!

நடந்ததைச் சொல்கிறேன். நுண்வில்லை அவர்கள் சொன்னபடி ஸ்ப்ரூத் துண்டுகள் ஐந்துக்கு மஞ்சள் பூசினேன். தரையில் வெள்ளைப் போர்வை விரித்தேன். அதே நாற்காலியில் அமர்ந்து, அதே விளக்கின் கீழ், அன்று பிடித்தபடியே நிப்பரைப் பிடித்து வெட்டினேன். முதல் துண்டு எதிர்ச்சுவர்ப் பக்கம் போகும் என்றுதான் எதிர்பார்த்தேன். ஐந்தில் ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை. நான்கு என் வலது முழங்கையைத் தாண்டிப் பின்பக்கமாகப் போயின. ஒன்று மட்டும் மடியில் விழுந்தது.

யோசித்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. நிப்பரின் தட்டையான முகத்தைப் பாகத்தின் பக்கம் வைத்து வெட்டுகிறேன். அந்த முகம் பாகத்தைத் தன்னிடமிருந்து விலக்கித் தள்ளுகிறது. நான் வலது கையில், கைப்பிடி உடலுக்கு வெளிப்பக்கம் இருக்கும்படி பிடிப்பதால் தள்ளும் திசை என் வலப்பக்கம். இரண்டு மணி நேரம் நான் தேடியது முழுக்க முழுக்க எதிர்த்திசையில்.

வலது முழங்கைக்குப் பின்னால் சிறிய ஸ்டூல் ஒன்று இருக்கிறது. அதன் மேல் தூரிகை துடைக்கும் பழைய பனியன் துணி, சுருட்டியபடி. நங்கூரம் சொன்ன ‘சத்தமில்லாத மென்மையான இடம்’ அதுதான். அதைத் தூக்கி உதறாமல், ஸ்டூலோடு மேசைக்குக் கொண்டுவந்து மடிப்பு மடிப்பாக ட்வீசரால் விரித்தேன். மூன்றாவது மடிப்பில், காய்ந்த பச்சை வண்ணக் கறைக்கு நடுவில், ‘ட’ நின்றது. குட்டையான கால் நூலிழையில் மாட்டியிருந்தது. ஒடியவில்லை.

இதற்கிடையில் வெள்ளிமுலாம் சொன்னபடி செம்புக் கம்பியில் ஒன்று செய்து வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கம்பியில் செய்ததுதான் மெல்லியதாகவும் உறுதியாகவும் இருக்கிறது. அதையே இறக்கையில் பொருத்திவிட்டேன். கிடைத்தது உதிரிப் பெட்டிக்குப் போகிறது.

#17 சங்கிலித்தடம்

மிக்க மகிழ்ச்சி. இப்போது அந்தப் பின்பார்வைக் கண்ணாடிக்கு வாருங்கள். அதை ஸ்ப்ரூச் சட்டத்தில் இருக்கும்போதே வெட்ட வேண்டாம். சட்டம் முழுவதும் காம்புகளை இறுக்கி இழுத்துக்கொண்டிருக்கும், கடைசிக் காம்பு அறுந்ததும் அந்த இழுப்பெல்லாம் பாகத்தைத்தான் உதைக்கும். முதலில் சட்டத்தை இரண்டு பக்கமும் தள்ளி வெட்டி, பாகம் இரண்டு சென்டிமீட்டர் ஸ்ப்ரூவோடு தனியாக வரும்படி செய்யுங்கள். அந்த ஸ்ப்ரூதான் உங்கள் கைப்பிடி. அதோடு சேர்த்தே தேய்த்து, பெயின்ட் பூசிவிடுங்கள். கடைசியில் டேப்பின் மேல் வைத்து, நிப்பர் இல்லாமல் புதிய கத்தி அலகால் காம்பை மேலிருந்து கீழே அழுத்தி அறுங்கள். இடது கைச் சுட்டுவிரல் பாகத்தின் மேல் லேசாகப் படிந்திருக்கட்டும். விரலை வைக்க இடமில்லாத வடிவம் என்றால், ஒளிபுகும் பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு கையையும் விட்டு வெட்டலாம். ஆனால் பிளாஸ்டிக் பையில் நிலைமின்சாரம் ஏறியிருந்தால் பாகம் பையின் உட்புறம் ஒட்டிக்கொண்டு, காணவில்லை என்று பயமுறுத்தும். பையை உள்ளே லேசாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

#18 புதுப்பசை

புளூ டாக் குச்சியில் நேற்று ஏழு பாகங்கள் ஒட்டினேன். ஒன்றுகூடப் பறக்கவில்லை. நுண்வில்லை அக்கா சொன்ன ஏப்ரனும் தயார்.

#19 சிறகுநுனி

இன்று இரவு கண்ணாடியை வெட்டினேன். முதலில் பனியன் துணியை அறையை விட்டே வெளியேற்றினேன். ஸ்டூலை ஒரு மூலைக்குத் தள்ளினேன். ஏப்ரனை மேசையில் மாட்டினேன்.

பீங்கான் ஓட்டின் மேல் மாஸ்கிங் டேப், பசைப்பக்கம் மேலே. கண்ணாடி அதன் ஸ்ப்ரூக் கைப்பிடியோடு. சட்டத்துக்கு அலுமினியப் பூச்சு நேற்றே காய்ந்துவிட்டது. உருப்பெருக்கியில் பார்த்தபோது காம்பு பாகத்தைத் தொடும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அந்தக் கோட்டின் மேல் அலகை வைத்தேன். விரலை அதன் மேல் படியவிட்டேன். அழுத்தவில்லை, அலகின் கனத்துக்கு மேலே கொஞ்சம் மட்டும் கொடுத்தேன்.

‘டிக்’ என்றது. அசையாமல் இருந்தேன். பிறகு விரலைத் தூக்கினேன். டேப்பில் இருந்தது.

புளூ டாக் குச்சியால் தொட்டு எடுத்து முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் வைத்துவிட்டேன். நாளை பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுகிறேன்.